மையித்தின் அமானிதம்

பாக்கியராசா இரண்டாம் முறை எங்கள் வாசலில் வந்து நின்றபோது அஸீஸா மதினி குசினி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "வாங்க அண்ணே, இரிங்க" என்றார், நேற்று வந்து போனவரிடம் சொல்வதுபோல. அவர் முதல் முறை வந்தது சுனாமியில் கடல் வந்துபோன கையோடு. இப்போது யுத்தம் முடிந்தே மூன்று வருசமாகியிருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தும் மதினி அவரைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டார்.

மதினி என் கணவர் ஸஜாத்தின் மூத்த சகோதரி. ஊரில் ஒரு பெண் மௌத்தானால் முதலில் தேடிவருவது அவரைத்தான். குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, கடைசிப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்துவது அவர் கை. மையித்தின் மேல் ஒரு துணியை விரித்து மூடிவிடுவார். தன் கையிலும் துணியைச் சுற்றிக்கொண்டு, அந்த மூடிய துணிக்குள் கையை விட்டுத்தான் கழுவுவார். பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றுகிறவளுக்குக்கூட ஒன்றும் தெரியாது. குளிப்பாட்டுகிறவர் உடம்பில் எதைக் கண்டாலும் அது மையித்தின் அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள், வெளியே விடக்கூடாது என்பது மார்க்கம். வெளியில் வந்ததும் சுற்றி நிற்கும் பெண்கள் ஆயிரம் கேட்பார்கள். மதினியிடம் ஒரே பதில்தான். "நல்லா இரிந்தாங்க."

என் கதை வேறு. எனக்கு வாயில் எதுவும் தங்காது. றுஸ்தா, உன்னிடம் சொல்வதும் பள்ளிவாசல் மைக்கில் சொல்வதும் ஒன்று என்று ஸஜாத் சொல்வார். அதனாலோ என்னவோ, மதினியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ஒரு மனுசியின் நெஞ்சுக்குள் இத்தனை பேரின் இரகசியம் எப்படி அடங்கிக் கிடக்கிறது என்று யோசிப்பேன்.

கடல் வந்த அன்று கரையோரக் கிணறுகளெல்லாம் உப்பும் சேறுமாகிவிட்டன. ஜனாஸாக்களை உழவு மெசினில் ஏற்றி நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு இஸ்கூலுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கேதான் நல்ல தண்ணீர் இருந்தது. மக்கீன் ஹாஜியார் தன் புடவைக்கடையிலிருந்த வெள்ளைத் துணி முழுவதையும் கொண்டுவந்து இறக்கினார். பின்னேரம் வந்த உழவு மெசின் பெட்டியில் ஒரு பெண் தொழுகைத் துணி போர்த்தியபடி கிடந்தாள். கழுத்திலும் காதிலும் ஒன்றுமில்லை, எல்லாவற்றையும் கடல் கழற்றியிருந்தது. தேடி வந்த சொந்தமும் இல்லை. தொழுகைத் துணியைக் கண்டதும் எங்கள் பெண் என்றே எல்லோரும் நினைத்தோம். யாரோ ஒருத்தி அவளுடைய மானத்தை மறைக்கத் தன் துணியைப் போர்த்தி விட்டிருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் தண்ணீர் ஊற்றினேன். துணிக்குள் போன மதினியின் கை ஓரிடத்தில் நின்றது. பிறகு முன்னைவிட மெதுவாக, நோகுமோ என்று பயந்ததுபோல் நகர்ந்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். ஜனாஸாத் தொழுகை நடந்தது. மையவாடியின் வேலியோரம், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில் அவளைத் தனியாக அடக்கினார்கள்.

சில நாள் கழித்துப் பாண்டிருப்பிலிருந்து பாக்கியராசா வந்தார். மகள் விதுசாவின் கையைப் பிடித்திருந்தார், பன்னிரண்டு பதின்மூன்று வயசுப் பிள்ளை. மனைவி தவமலரை எங்கும் கிடைக்கவில்லை என்றார். பேர் தெரியாத ஒரு பெண்ணை எங்கள் ஆட்கள் அடக்கியதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"உடம்பில ஏதும் அடையாளம் கண்டீங்களா, தங்கச்சி?"

"கண்டத்த நான் சொல்றல்ல அண்ணே. நீங்க சொல்லுங்க. சரியெண்டா ஓமெண்டு சொல்றன்."

அவர் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார், வாசலில் கூடிவிட்ட அயலவர்களைப் பார்த்தார், சந்தியில் நின்ற படையினரின் வண்டியைப் பார்த்தார். மகளின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடையாளம் ஒண்டுமில்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதினியோடு நான் சண்டை போட்டேன். அந்த மனுசன் இனி எங்கெங்கே அலையப்போகிறார், ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டேன்.

"அவர் மூடுறத நான் எப்பிடித் துறக்கிற, றுஸ்தா?" என்றார் மதினி. "அது அந்தப் புள்ளட அமானிதம். கேக்கிற ஆளுக்காக அது மாறுறல்ல."

கல் நெஞ்சு என்று அன்று நினைத்தேன். ஆனால் வருசா வருசம் மௌத்தானவர்களை நினைக்கும் பராஅத் வரும்போது ஸஜாத்தை மையவாடிக்கு அனுப்பி வேப்ப மரத்தடிக் கபுறில் புல் பிடுங்க வைத்ததும் மதினிதான்.

கபுறு இல்லாத கவலை அவருக்குத் தெரியாததல்ல. தொண்ணூறாம் ஆண்டு வரிப்பத்தான்சேனைக்கு நெல் ஏற்றப்போன மதினியின் கணவர் ஹஸன் மச்சானை வழியில் புலிகளின் இயக்கம் இறக்கிக்கொண்டு போனது. பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊர்ப் பெண்களையெல்லாம் குளிப்பாட்டிய மதினிக்குத் தன் புருசனின் மையித்துக்கு ஒரு வாளித் தண்ணீர் ஊற்றக் கிடைக்கவில்லை. இயக்கம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இப்போது பாக்கியராசா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். நான் கொடுத்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது.

"மகள் கலியாணம் முடிச்சு லண்டனுக்குப் போயிற்றாள். இனி எனக்குப் பயமில்ல தங்கச்சி. அண்டைக்குச் சொல்ல ஏலாமப் போன அடையாளத்தச் சொல்லத்தான் வந்த."

மதினி கீரைச் சுளகை நகர்த்தி வைத்தார்.

"தவமலருக்கு வலது இடுப்பில, விலாவுக்குக் கீழ, குண்டு பட்ட தழும்பு. கலியாணத்துக்கு முந்தி கொஞ்ச காலம் இயக்கத்தில இரிந்தவள். அது வெளிய தெரிஞ்சா ஆமிக்காரங்க மகளையும் விடமாட்டாங்களெண்டு சாகும்வரைக்கும் மறைச்சவள்."

மதினியின் கை அப்படியே நின்றது. அவர் எழுந்து உள்ளே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போயிருந்தாலும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இந்த மனுசனுக்கு ஒன்றும் தெரியாது, இது யாருடைய வீடு என்று சொல்லிவிட வேண்டுமென்று எனக்குக் கொதித்தது. ஹஸன் மச்சானின் பேர் தொண்டைவரை வந்தது. மதினி தன் ஈரக் கையை என் முழங்காலில் வைத்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"ஓம் அண்ணே" என்றார் மதினி. "உங்கட மனிசிதான். என்ட கையால குளிப்பாட்டினன். நல்லா இரிந்தாங்க."

பாக்கியராசா முகத்தைத் தோள் துண்டால் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு, தோண்டி எடுக்கக் கேட்கவில்லை, இடத்தைக் காட்டினால் போதும் என்றார்.

ஸஜாத் ஓட்டோ பிடித்து வந்தார். பெண்கள் மையவாடிக்குள் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. நானும் மதினியும் வேலிக்கு வெளியே நின்றுகொண்டோம். ஒரு போத்தல் தண்ணீரை மதினி பாக்கியராசாவிடம் கொடுத்து, கபுறில் ஊற்றச் சொன்னார். ஸஜாத் அவரை வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனார். போத்தலைப் பிடித்தபடி அவர் அந்த மணல் மேட்டைப் பார்த்து நின்றார். எந்தப் பக்கம் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தங்கச்சி, முகம் எந்தப் பக்கம்?"

"மேற்கால அண்ணே, கிப்லாப் பக்கம்" என்றார் மதினி. சற்றுப் பொறுத்து, "கடலுக்கு முதுகு" என்றார்.

பாக்கியராசா செருப்பைக் கழற்றிவிட்டுக் கபுறைச் சுற்றி மேற்குப் பக்கம் வந்து மணலில் உட்கார்ந்தார். தலைமாட்டில் தொடங்கித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே வந்தார். மதினியின் உதடுகள் துஆவில் அசைந்துகொண்டிருந்தன. யாருக்கான துஆ என்று நான்கூடக் கேட்கவில்லை. தண்ணீர் நடுக் கபுறுக்கு வந்தபோது, முக்காட்டின் மடிப்புக்குள் அவருடைய வலது கை அன்று போலவே ஓரிடத்தில் நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது.