அண்ணி கழுவிய கல்

என் அண்ணன் பொய் சொல்கிறான் என்றுதான் நான்கு வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏறினால் ஐந்து மணி நேரம் இறங்க முடியாது. அங்கே உட்கார்ந்திருப்பவன் எங்கே தண்ணீர் குடிக்கப் போகிறான்? சிறுநீரகத்தில் கல் வந்தபோதெல்லாம் வீடே அவனைத் திட்டியது. முதல் ஆள் நான்.

"குடிக்கிறேன்டி. ரெண்டு பாட்டில் கொண்டு போறேன்."

"யாருக்கு? பறவைங்களுக்கா?" என்பேன். என் வாய் அப்படி.

இடது சிறுநீரகம் கெட்டு, எடுத்தாகிவிட்டது. மிச்சமிருந்த ஒன்றிலும் ஆறு மாதத்துக்கு ஒரு கல் வளர்ந்தது. அதுவும் போனால் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்தான் அவன் வாழ்க்கை.

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நோயாளிகளிடமிருந்து எடுத்ததைத் தட்டில் தடவி, கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது என் பிழைப்பு. அண்ணனின் சிறுநீரைப் பத்துத் தடவை சோதித்து, 'வளர்ச்சி இல்லை' என்று கையெழுத்துப் போட்டதும் நானேதான். ஒரு நாள் ஆய்வகத் தலைவி அந்த அறிக்கைகளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"சிறுநீரைப் பாத்தாச்சு. கல்லைப் பாத்தீங்களா?"

"அது ரசாயனச் சோதனைக்குத்தானே போகும் மேடம்? கால்சியம்னு வந்துச்சு."

"சில கிருமிங்களைச் சுத்தி கால்சியம் படிஞ்சு கல்லாகலாம்னு ஒரு சந்தேகம் இருக்கு. உறுதியா யாரும் சொல்லல. அடுத்த கல்லை உடைச்சுப் பாப்போம்."

இரண்டு வாரத்தில், அண்ணனைத் தரையில் உருள வைத்துவிட்டு அந்தக் கல் விழுந்தது. அண்ணி அதை மோதிரப் பெட்டியில் பஞ்சு விரித்துக் கொண்டுவந்தாள். மிளகு அளவுதான், ஆனால் பளபளவென்று இருந்தது.

"கழுவினீங்களா அண்ணி?"

"பின்ன? கிருமிநாசினியில கால் மணி நேரம் ஊறவச்சேன்."

"கிருமி இருக்கான்னு பாக்கத்தானே கேட்டேன்!"

"கிருமி இருக்கிற பொருளை உன் கையில எப்படிக் குடுக்கிறது?" என்றாள் அண்ணி, நியாயமாக.

இன்னொரு கல்லுக்காகக் காத்திருக்க அந்தச் சிறுநீரகத்துக்குத் தெம்பு இருக்குமா? கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு தலைவியிடம் பெட்டியை நீட்டினேன். திட்டுவார் என்று பார்த்தால் சிரித்தார்.

"வெளிப்பக்கத்தை நாமளும் சுத்தம் பண்ணத்தானே போறோம்? வழியில ஒட்டினதெல்லாம் போயிருக்கும். இனிமே ஏதாவது வளந்தா அது உள்ளேருந்து வந்தது. கிருமிநாசினி கல்லுக்குள்ள இறங்காம இருந்தா சரி."

கல்லைச் சுத்தமான உப்பு நீரில் பலமுறை அலசி, கடைசியாக அலசிய நீரை ஒரு தட்டில் விட்டேன். பிறகு கல்லை நொறுக்கி இன்னொரு தட்டில் தடவினேன். மூன்றாம் நாள் காலையில் முதல் தட்டு துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. இரண்டாவதில் குண்டூசித் தலை அளவில் சாம்பல் நிறப் புள்ளிகள், மொத்தம் இருபத்து மூன்று. சந்தோஷத்தில் இன்னொரு தடவை எண்ணினேன். எந்த மருந்துக்கு அவை சாகின்றன என்று பார்த்து, அண்ணனின் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

அண்ணன் மூன்று மாதம் அந்த மாத்திரையை விழுங்கினான். ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் புதிதாக ஒரு துகள்கூட இல்லை.

"கிருமிதான் கல்லைக் கட்டுச்சா, கட்டின கல்லுல போய்க் குடியேறுச்சான்னு தெரியாது. ஆனா சிறுநீரகம் நல்லா வேலை செய்யுது. தொடர்ந்து பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார் சிறுநீரக மருத்துவர். அவர் கேட்டதற்கு, குடிக்கும் தண்ணீரின் அளவை மாற்றவே இல்லை என்று அண்ணன் சொன்னான். தினமும் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பவள் அண்ணிதான்; ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினேன். இவ்வளவு நாள் சொல்ல வாய் வராமல் இருந்தேன்.

"தப்பு என்மேலதான் அண்ணா. நீ தண்ணி குடிச்சிருக்கே. உண்மையாவே குடிச்சிருக்கே."

அவன் கண் கலங்கிவிட்டது. "இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னேன்.