இடாப்பில் இல்லாத பெடியள்

அனலைதீவு முன்பள்ளி ரீச்சர் அன்ரனிட்டாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரறிந்த விசயம். அந்த வாயோடுதான் அன்றைக்குக் கட்சிக்காரர் கதிர்காமுவிடம் போனாள்.

பயணிகள் படகு வருசத்தில் பாதி நாள் இயந்திரப் பழுதென்று கரையில் கிடக்கும். காய்ச்சல்காரப் பிள்ளையைக்கூட மீன்பிடி வள்ளத்தில்தான் ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்சி வேலையாக வந்து சனசமூக நிலையத்தில் இருந்த கதிர்காமுவிடம் அவள் இதைக் கேட்டாள். அவர் சோடாவை ஆறுதலாகக் குடித்து முடித்தார்.

"பிள்ளை, உங்கட இளம் ஆக்கள் பாதிப்பேர் வாக்காளர் இடாப்பிலயே இல்லை. இல்லாத ஆக்களுக்கு ஆர் படகு விடுவினம்?"

அந்த மனிசனில் வந்த வெறுப்பைவிட, அவர் சொன்னது உண்மை என்பதில் வந்த வெறுப்புத்தான் அவளுக்குப் பெரிது.

நேரே ஊர் இளவட்டங்கள் குந்தியிருக்கும் மதகடிக்குப் போனாள். பெடியள் போனும் கையுமாகக் கனடாவில் யார் பிரதமராக வரவேண்டும் என்று அடிபடாத குறையாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் வட்டாரத்துக்குப் பிரதேச சபை உறுப்பினர் யாரென்று கேட்டாள். ஒருவன் அதையும் போனில் தேடத் தொடங்கினான். இடாப்பில் பெயரைப் பதியச் சொன்னதற்கு, அவர்களில் ஒருவனான மேர்வின் முந்திக்கொண்டான்.

"நான் வெளிநாடு போற ஆள், அக்கா. எனக்கென்னத்துக்கு வோட்டு?"

"நாலு வருசமாப் போறாய். இன்னும் மதகைத் தாண்டேல்லை."

மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களையும் அவள் விடவில்லை. கோயிலடி ஆடுகளுக்காவது காதில் அடையாளம் இருக்கிறது, அரசாங்கக் கணக்கில் நீங்கள் அதுவுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த நாள் கிராம அலுவலரான விதானையாரிடம் முதல் ஆளாகப் போய்ப் பதிந்தவன் மேர்வின்தான். நாட்டுப் பற்றில் அல்ல, அவளுடைய வாயை அடைக்க. அவளுக்கு அது போதும். அப்பாவைக் கேட்டுத்தான் பதிவேன் என்ற பக்கத்து வீட்டு நிலுஜாவிடம், பதினெட்டு ஆனது உனக்கா கொப்பருக்கா என்று கேட்டு, கையோடு கூட்டிப் போனாள்.

அடுத்த வருசம் சபைத் தேர்தல் வந்தது. தன் கட்சி ஆளுக்கு வோட்டுக் கேட்டுக் கதிர்காமுவும் வந்தார், கரப்பந்தும் வலையுமாக. போன முறை திரும்பியும் பார்க்காத மனிதருக்கு இப்போது எல்லோரும் தம்பிமார். பெடியள் பந்தை வாங்கிக்கொண்டார்கள். இவர்களும் இவ்வளவுதான் என்று அன்ரனிட்டா மனதுக்குள் காறித் துப்பினாள்.

வாக்களித்துவிட்டு, சின்னவிரலில் மையோடு மேர்வின் வந்தான். பந்துக்காரருக்குத்தானே போட்டாய் என்று கேட்டாள்.

"ஆருக்குப் போட்டனான் எண்டு சொல்லக்கூடாதாம். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

கதிர்காமுவின் ஆள் தோற்றார். வென்றவர் ஒன்றும் திறமில்லை. மாலையோடு வந்து, படம் எடுத்து, படகு விசயம் பார்ப்பம் என்றார். எப்ப என்று மேர்வின் கேட்டான். பின்னால் நின்ற பெடியளும் கேட்டார்கள். நிலுஜாவும் கேட்டாள். ஒரு திகதி சொல்லாமல் அவரால் இறங்குதுறையை விட்டு அசைய ஏலவில்லை.

படகுக்குப் புது இயந்திரம் அந்தத் திகதிக்கு வரவில்லை. பெடியள் இரண்டு தரம் சபைக்குப் போய் நின்ற பிறகுதான் வந்தது. தான்தான் கொண்டுவந்தது என்று மேர்வின் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். அன்ரனிட்டா மறுக்கவில்லை. அவனை ஏச அவளிடம் வேறு நிறையக் காரணங்கள் இருந்தன.