பானட்டுக்கு அடியில் ஒரு போத்தல்

கார்த்திகேசு ஒரு காசும் வாங்கவில்லை என்று லோகன் சொன்னபோதுதான் ரமணிக்கு முதல் சந்தேகம் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம். போர்ட் கிள்ளானை அடுத்த பண்டமாரானில், தங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்தி, இஞ்சின் மூடியான பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு லோகன் மனைவி ரமணியைக் கூப்பிட்டான். பேட்டரிக்குப் பக்கத்தில் தடித்த பிளாஸ்டிக் போத்தல் ஒன்று புதிதாக உட்கார்ந்திருந்தது. அதற்குள் எஃகுத் தகடுகள் வரிசையாக நின்றன. பேட்டரியிலிருந்து ஒரு சிவப்பு ஒயர் அதில் போய் முடிந்தது. மூடியிலிருந்து கிளம்பிய குழாய், தண்ணீர் பாதி நிரம்பிய இன்னொரு சின்னப் போத்தல் வழியாகப் போய், இஞ்சினுக்குக் காற்று போகும் பாதையில் செருகியிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. தகடுகளுக்கு இடையே குமிழிகள் நுரைத்து ஏறின.

"ஹைட்ரஜன்," என்றான் லோகன். "கரண்டு தண்ணியப் பிரிச்சுடும். அந்த கேஸ் உள்ள போய் பெட்ரோல் எண்ணெயோட சேர்ந்து எரியும். கால்வாசி எண்ணெய் மிச்சம். கார்த்திகேசு அண்ணன் தன் கையால செஞ்சது."

"வெறும் தண்ணியா?"

"கொஞ்சம் பவுடர் கலக்கணும்."

அவன் காட்டிய பொட்டலத்தைப் பார்த்ததும் ரமணி ஓரடி பின்னால் நகர்ந்தாள். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு சமையலெண்ணெய்த் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறவள். தோலை அரிக்கும் காஸ்டிக் சோடாவைக் கையுறை இல்லாமல் அவள் ஒரு நாளும் தொட்டதில்லை. போத்தல் மூடியைச் சுற்றி அது வெள்ளையாகப் பூத்திருந்தது.

"அந்தக் கரண்டு எங்கேர்ந்து வருது?"

"பேட்டரியிலேர்ந்து."

"பேட்டரிக்கு?"

"ஆல்டர்னேட்டர்."

"அத எது சுத்துது?"

"இஞ்சின்தான்."

"இஞ்சின் எதுல ஓடுது?"

லோகன் பானட்டை மூடினான். "லேப்ல கேக்கற மாதிரி கேக்காத லா. போர்ட்ல எங்க ஆளுங்க ஆறு பேரு மாட்டியிருக்காங்க. ஆறு பேருமா பொய் சொல்றாங்க?"

போர்ட் கிள்ளானில் லோகன் வேலை செய்யும் கிடங்கின் ஆட்களை அவளுக்குத் தெரியும். பொய் சொல்லி அவர்களுக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. பின் யாருக்கு ஆக வேண்டும்? கார்த்திகேசுவுக்கா? இருபது வருடம் கப்பல்களின் இஞ்சின் அறையில் வேலை பார்த்துவிட்டு, இவர்கள் தெருக்கோடியில் கார் பட்டறை வைத்திருக்கிற மனிதர். சாமான் விலையைக்கூட வாங்கிக்கொள்ளாமல் ஊர்க்காரர்களின் கார்களில் எதற்காக இதை மாட்டுகிறார்? நாளைக்குப் பெரிய வியாபாரமாக ஆரம்பிக்க இவர்களைக் காட்சிப் பொருளாக வைத்திருக்கிறாரா? வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் பட்டறையை எட்டிப் பார்த்தாள். அந்த வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் நின்றார். அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த வாரமே லோகன் பூரித்துப்போய்ச் சொன்னான். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்த கார் இப்போது பதிமூன்று ஓடுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்கள். லோகனின் அக்கா அமுதவள்ளி அங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள். வழியெல்லாம் ரமணி கணவனையே கவனித்துக்கொண்டு வந்தாள். சிமெண்டு லோரி ஒன்றுக்குப் பின்னால், இடது ஓரமாக, எண்பதில் போய்க்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து எந்த லோரியும் தனக்கு முன்னால் போக அவன் விட்டதில்லை. சிக்னல் தூரத்தில் சிவப்பாகும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். ஏர்கானையும் குறைத்து வைத்திருந்தான்.

"எதுக்கு இவ்ளோ மெதுவா போறீங்க?"

"மெதுவாவா? எப்பவும் போறதுதானே."

அவன் நடிக்கவில்லை. அவனுக்கே தெரியவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அமுதவள்ளி தம்பியிடம் சொன்னாள். "பள்ளிக்கூட லீவுல என் வேனுக்கும் ஒண்ணு மாட்டித் தரச் சொல்லுடா. காலையும் சாயங்காலமும் ஜாம்ல நின்னே எண்ணெய் தீர்ந்து போவுது."

"பேசிட்டேன்க்கா. அண்ணன் சரின்னுட்டாரு."

லீவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த வேனில் பதினொரு பிள்ளைகள் போகிறார்கள். ரமணி பாயசக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

திங்கட்கிழமை காலை, லோகன் குளித்துக்கொண்டிருந்தபோது, அவள் பானட்டைத் திறந்தாள். சிவப்பு ஒயரின் நடுவே பியூஸ் வைத்த சின்னக் கூடு இருந்தது. பியூஸை உருவி எடுத்துக்கொண்டு, கூட்டைப் பழையபடி மூடிவைத்தாள். இனி போத்தலுக்குக் கரண்டு போகாது. பியூஸைக் கைப்பையில் போட்டுக்கொண்டு தொழிற்சாலை பஸ் ஏறினாள். அவனிடம் சொல்லவில்லை. எந்தக் கிண்ணத்தில் எந்த எண்ணெய் என்று ருசி பார்க்கிறவரிடம் சோதனைக்கூடத்தில் சொல்வதில்லை. அது போலத்தான் இதுவும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அடுத்த இரண்டு வாரமும் அவன் முகத்தை நேராகப் பார்க்க அவளுக்குக் கூசியது.

இரண்டாவது ஞாயிறு அவன் போத்தலுக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இந்த வாரம் பதிமூணரை, ரமணி. இன்னொண்ணு தெரியுமா? போத்தல்ல தண்ணி குறையவே இல்ல. தகடு செட்டாயிடுச்சு போல. தண்ணிகூடக் குடிக்காம ஓடுது."

ரமணி தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் நேராகப் பட்டறைக்குப் போனாள். கார்த்திகேசு கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் பியூஸை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, இது ரெண்டு வாரமா என் கைப்பையிலதான் இருக்கு. அவரு காடி லிட்டருக்குப் பதிமூணரை ஓடுது."

அவர் கோபப்படுவார், இல்லை சிரித்து மழுப்புவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். அவர் பியூஸை எடுத்துப் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் காடியில அதக் கழட்டி ஆறு மாசம் ஆச்சும்மா," என்றார்.

"ஏன்?"

"ஒண்ணும் மிச்சமாகல. எத்தனையோ தடவ மாத்திப் பாத்தேன். ஆனா மாட்டிட்டுப் போனவனெல்லாம் வந்து நல்லா ஓடுது, நல்லா ஓடுதுன்னான். என் காடியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

"அப்ப காசு வாங்காம எதுக்கு மாட்டறீங்க?"

"கப்பல விட்டு எறங்கி எட்டு வருஷம். டயரு, இஞ்சின் எண்ணெய் மாத்தறது, இதுதான் வேலை. இதக் கேட்டு வர்றப்பதான் நாலு பேரு என்னை இஞ்சினியருன்னு கூப்பிட்டாங்க." அவர் தலையைத் தூக்கவில்லை.

ரமணிக்கு ஒரு கணம் மனம் இளகியது. அப்போதுதான் சட்டைக் கைக்குக் கீழே, ஈரத்தில் ஒட்டிக்கொண்ட துணியின் ஓரத்தில், வெந்து சுருங்கிய தோல் தெரிந்தது.

"கையில என்ன?"

அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் அப்படியே நின்றாள்.

"ஒரு நாள் நெருப்பு குழாய் வழியாத் திரும்பி வந்துடுச்சு. போத்தல் வெடிச்சுது. அந்தத் தண்ணி தெறிச்சதுதான். அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டாவது போத்தலச் சேர்த்தேன். நெருப்பு அதத் தாண்டி வராது."

"நிச்சயமா வராதா?"

அவர் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார்.

"இத யார்கிட்டயாவது சொன்னீங்களா? எங்க வீட்டுக்காரர்கிட்ட?"

"இல்ல."

"பதினொரு பிள்ளைங்க போற வேனுல மாட்டித் தரேன்னீங்களே."

அவள் குரலை உயர்த்தவில்லை. கைபேசியை எடுத்து அமுதவள்ளியைக் கூப்பிட்டு அவர் முன்னால் வைத்தாள். "நீங்களே சொல்லுங்க." கார்த்திகேசு தொண்டையைச் செருமிக்கொண்டு, வேனில் மாட்ட முடியாது, அது பிரயோஜனமில்லை, ஆபத்து என்று மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்தார்.

இனி லோகனிடம் சொல்ல வேண்டும். அன்று இரவே வீட்டில் எல்லாவற்றையும் அவள் ஒரே மூச்சில் சொன்னாள். வெடித்த போத்தலைப் பற்றிக் கேட்டபோது அவன் முகம் வெளுத்தது. பியூஸைப் பற்றிக் கேட்டபோதுதான் எழுந்து நின்றான்.

"ரெண்டு வாரம். நான் வந்து வந்து சொன்னேன், நீ தலைய ஆட்டிக்கிட்டு இருந்த."

"சொல்லியிருந்தா நீங்க பழையபடி வேகமா ஓட்டியிருப்பீங்க. மெதுவா ஓட்டறதுலதான் எண்ணெய் மிச்சம்."

"நான் என்ன உன் லேப்ல இருக்கற சாம்பிளா?"

நான்கு நாள் அவன் அவளோடு பேசவில்லை. சனிக்கிழமை அவனே போத்தலைக் கழற்றினான். அவள் கொண்டுவந்து வைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு, "இத எங்க ஊத்தறது?" என்று கேட்டான். அவள் வாளி நிறையத் தண்ணீரில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, அதன் அரிப்பை முறிக்க வினிகர் விட்டுக் காட்டினாள். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை கிடங்கில் அவன் அந்த ஆறு பேரிடமும் போய்ச் சொன்னான். நான்கு பேர் கழற்றிவிட்டார்கள். ஒருவன் யோசிக்கிறேன் என்றான். இன்னொருவன் சிரித்தான்.

"உன் பொண்டாட்டி பியூஸப் புடுங்கினா அது உன் வீட்டுப் பிரச்சினை, பாஸ். என் காடியில வேலை செய்யுது, நான் பாக்கறேன்."

இதை வீட்டில் வந்து சொன்னபோது லோகனுக்கும் சிரிப்பு வந்தது. "ஒரு மாசத்துக்கு முன்னாடி நானும் இதத்தான் சொல்லியிருப்பேன்," என்றான். அதோடு பேச்சு பழையபடி ஆனது. போத்தல் இல்லாமலே கார் இப்போதும் லிட்டருக்குப் பன்னிரண்டு ஓடுகிறது.

ஆனால் தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்முன் அவன் பானட்டைத் திறந்து ஒரு தடவை உள்ளே பார்க்கிறான். போத்தல் இருந்த இடம் காலி; ஆனாலும் அவன் விரல் பேட்டரி ஒயர்களையும் பியூஸ்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது. ரமணி ஜன்னலில் நின்று அதைக் கவனிக்கிறாள். எதைத் தேடுகிறீர்கள் என்று அவள் கேட்பதில்லை.