வெறும் வயிறு

கட்டிலை வெளியே தூக்குவதற்குள், அதன் அடியில் கிடந்த மாத்திரை அட்டைகளை அள்ளித் தன் கைப்பைக்குள் திணித்தாள் முத்துராணி. அப்பா சங்கிலிபூதத்தான் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தார். தலைமாட்டில் அம்மா சுடலைவடிவு. அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுக்க ஆற்றுக்குப் போனவர்களை இன்னும் காணவில்லை. முத்துராணிக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"கோயில் கொடைக்கு விரதம் இருந்த சாமியாடி. என்ன குறை வச்சானோ, சாமி கொண்டுட்டுப் போயிட்டு" என்றார் பெரியப்பா இசக்கிமுருகன்.

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? முத்துராணி மறுக்கவில்லை. பழி சாமி மேலேயே இருக்கட்டும், சாமி தாங்கும்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அம்மா தாங்க மாட்டாள். காய்ச்சல் மாத்திரையை உடம்பு கரைக்கும்போது கொஞ்சம் நஞ்சும் உண்டாகுமாம். ஈரல் அதை அப்போதைக்கப்போது முறித்துவிடும். நாள்கணக்கில் பட்டினி கிடந்தால் முறிக்கிற சத்து தீர்ந்துபோய், நஞ்சு ஈரலையே அரித்துவிடும். அப்பா காய்ச்சலிலும் விரதத்தை விடவில்லை. பல்வலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று, இரண்டு பெயரில் வந்த ஒரே மருந்தை மணி பார்த்துப் பார்த்துக் கொடுத்தவள் அம்மா.

"மதினி, தலைய வலிக்குன்னீங்கல்லா. இதப் போடுங்க."

அப்பாவின் தங்கை மாரிக்கண்ணு மாத்திரையும் தண்ணீருமாகக் குனிந்தாள். அம்மா நேற்றிலிருந்து எதையும் வாயில் வைக்கவில்லை.

முத்துராணி பாய்ந்து வந்து தட்டிவிட்டாள். தம்ளர் உருண்டது.

"வெறும் வயித்துல போடாதம்மா! மொதல்ல ஏதாவது சாப்பிடு."

"ஏட்டி, எங்கண்ணன எடுக்கதுக்கு முன்னால சோறு கேக்குதா?" என்று அத்தை அதட்டினாள்.

அம்மா மகளின் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு மாத்திரைக்கா இப்படி நடுங்குத?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். முத்துராணி கைப்பையை இடுப்போடு இறுக்கிக்கொண்டாள்.

"ஒங்கப்பாவும் வெறும் வயித்துலதான போட்டாவ" என்றாள் அம்மா, பைய.

தெருமுனையில் சங்கு ஊதியது. நீர்மாலை வந்துவிட்டதென்று எல்லோரும் எழுந்தார்கள். அம்மா எழவில்லை. வலது உள்ளங்கையை முந்தானையில் துடைத்தாள். பார்த்துவிட்டு, மறுபடியும் துடைத்தாள்.