ஜெபமணியின் கை இறங்க மாட்டேன் என்கிறது

1
இந்தக் கதை ஹிஞ்சேவாடி ஐ.டி. பார்க் டிராஃபிக்கில் பிறந்தது. சிரிக்காதீர்கள். கம்பெனி கேப் ஓட்டும் ஜெபமணி, நகராத வண்டிகளைப் பார்த்தபடி திடீரென்று சொன்னார்: "சார், நான் கவுன்சிலிங்* போறேன். பொண்டாட்டிய அடிச்சிட்டேன். எங்கப்பா அம்மாவ அடிப்பாக, அதே மாதிரி. இப்ப ஷீலா மகளக் கூட்டிட்டு கட்கியில அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா."

சும்மா கேட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். என் போதாத காலம், எழுத உட்கார்ந்தேன்.

(*சிகிச்சையா, உளவள ஆலோசனையா? அவர் சொன்னதே இருக்கட்டும். நேரில் 'அவர்', கதையில் 'அவன்'. எனக்கு அவ்வளவு கோபம்.)

2
"ஜெபமணி கையை ஓங்கியபோது ஷீலா..." [வேண்டாம்.]

"அப்பாவின் பெல்ட்..." [எத்தனை கதையில்தான் இந்த பெல்ட் வரும்?]

எங்கே தொடங்கினாலும் அவன் கை ஓங்கியபடியே நிற்கிறது. ஒருத்தி அடி வாங்கினால்தான் கதை நகருமா? சீச்சீ.

3
கவுன்சிலிங் தரும் ஷபானாவுக்குத் தமிழ் தெரியாது. ஜெபமணி வாராவாரம் இந்தியில் மடமடவென்று ஒப்பித்தான்: குடித்துவிட்டு வரும் அப்பா, அம்மாவின் உடைந்த பல். யாரோ பக்கத்து வீட்டுச் சங்கதி போல. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. ஷபானா மட்டும் பொறுமையாக இருந்தாள்.

"அப்பா அம்மாவை அடித்தபோது அவரிடம் என்ன சொன்னீர்களோ, அதைத் தமிழிலேயே சொல்லுங்கள்."

"உங்களுக்குப் புரியாதே மேடம்?"

"உங்களுக்குப் புரியுமே."

வாயைத் திறந்தான். "அப்பா, அம்மாவ விட்ருங்கப்பா..."

போன மாதம் அவன் மகள் ப்ரின்ஸி அவனிடம் கத்தியதும் இதே வார்த்தைகள். தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசுகிற பெண், அன்றைக்கு மட்டும் தடுமாறவில்லை. ஜெபமணி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

4
அப்பாடா, முடிவு கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அழுத கண்ணோடு கட்கிக்குப் போகிறான், கதவைத் தட்டுகிறான், ஷீலா...

கதைக்குள்ளிருந்தே சண்டைக்கு வந்துவிட்டாள் மகராசி. "அவுக அழுதா நான் கதவத் தொறந்துரணுமா சார்? நல்லா இருக்கே! எங்கம்மாவும் இப்படித்தான், அப்பா அழும்போதெல்லாம் தொறந்தா. அவுக போகட்டும், வாராவாரம் போகட்டும். நான் எப்ப வருவேன்னு நீங்க எழுதாதீக."

எனக்கு எரிச்சலாக வருகிறது, ஆனால் அவள் சொல்வதுதான் சரி.

5
இந்தச் சனிக்கிழமையும் ஜெபமணி கவுன்சிலிங்குக்குக் கிளம்பினான். ஷீலா வருவாளா என்று தெரியாமலேயே போகிறான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், ஆளை விடுங்கள்.

முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: அந்தக் கட்கி வீட்டுக் கதவுக்குப் பின்னால் ப்ரின்ஸி நிற்கிறாள். அவளைக் கேட்டுவிட்டுத் திறவுங்கள்.