பதினோராம் அத்தியாயத்தில் நின்ற புத்தகம்

1

இது கட்டுரையாக வேண்டியது. சொந்தச் செலவில் நாவல் போட்டதில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று ஒரு பத்திரிகை கேட்டது. ‘பிழை திருத்தி முடிக்கும் முன் அட்டையை அச்சிடாதீர்கள்’ என்று தொடங்கினேன். உருப்படியான பாடம்தான். ஆனால் என் புத்தகம் தாமதமானதற்குக் காரணம் அதுவல்ல. அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

பாடநூல்களுக்குப் பக்கம் அமைப்பது என் கணவரின் தொழில். என் நாவலையும் அவரே எடுத்துக்கொண்டார். பத்து அத்தியாயங்கள் மளமளவென்று முடிந்தன. பதினொன்றில் வேலை நின்றது. எழுத்துரு சரியில்லை என்றார். பிறகு கணினிமேல் பழி போட்டார். அச்சகக்காரர் எங்கள் முறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று குத்திக்காட்டினேன்.

(நாவலைப் படிக்காதவர்களுக்கு: பதினோராம் அத்தியாயத்தில் ஒருத்தியின் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடுகிறது. புருஷன் மருத்துவமனைக்கு வரவில்லை. அவளை நான் கற்பனை செய்யவில்லை.)

3

மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில் அவர்... இல்லை, மழை பெய்யவில்லை. சாதாரண மாலை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரையைப் பார்த்தபடியே சொன்னார்:

“அவன் வரலன்னு எழுதியிருக்க.”

“வரலையே.”

“வந்தேன். வார்டு கதவு வரைக்கும் வந்தேன். நீ அழற சத்தம் கேட்டுச்சு. உள்ள வர கால் எழல. படிக்கட்டுல உக்காந்துட்டுப் போயிட்டேன்.”

கையில் அவருடைய சட்டை இருந்தது. மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தேன். கோபம் தணிந்தது என்று எழுதினால் பொய். அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது.

4

இத்தனை மாதமும் அந்தக் கோப்பு அவர் கையில்தான் இருந்தது. ஒரு வரியை மாற்றியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பிறகு பார்த்தேன்: அந்த அத்தியாயத்தில் ஒற்றுப்பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார்.

“அப்படியே விட்டுடவா?” என்று கேட்டார்.

முடிவு ஒன்று: ‘கதவு வரை வந்தான்’ என்று சேர்த்தேன்.

முடிவு இரண்டு: உள்ளே கிடந்தவளுக்கு அது தெரியாது, ஆகவே அவள் கதையில் அவன் வரவில்லை. இருந்தபடியே விட்டுவிட்டேன்.

பதிப்பாளர் என்று ஒருவர் இருந்திருந்தால் இதை அவர் தலையில் கட்டியிருப்பேன். நான் கற்ற பாடம் அதுதான்: கேட்க ஆளில்லை.

புத்தகம் ஒரு வருஷம் தாமதமாக வந்தது. எந்த வரி அச்சானது என்று இங்கே சொல்லமாட்டேன். நீங்களாக இருந்தால் எதை அச்சிட்டிருப்பீர்களோ, அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று பதில் சொல்வதற்கு முன், நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். “படிக்கட்டுல எவ்வளவு நேரம் இருந்தீங்க?” என்றேன்.

அவர் சொல்லத் தொடங்கினார். அது நாவலில் இல்லை. இதிலும் எழுதப்போவதில்லை.