பின்காலில் நின்றவர்

1
இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் பாலக்கோட்டில் ஓசூர் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாதவராஜ் என்று பெயர் மாற்றியிருக்கிறேன். எனக்கு கோல்ஃப் தெரியாது. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, காலை மாற்றி வைத்துக் காட்டினார்.

"உக்காருங்க, எங்கனா வுழுந்து வெப்பீங்க," என்றார் கண்டக்டர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பெங்களூரில் பனி விலகாத புல்வெளியில்… (அடித்துவிட்டேன். இதில் புல்லுக்கு வேலையில்லை.)

2
பெங்களூர் மைதானம் ஒன்றில் மாதவராஜும் அவருடைய ஊர்க்காரன் முருகேஷும் ஆட வருகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கினார்கள். பை தூக்குகிறவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். ஜெயித்தால் பயிற்சி கொடுக்கும் வேலை. இருவருமே பெயர் கொடுத்திருந்தார்கள்.

"அண்ணா, பந்து எழும்பவே மாட்டேங்குது. என் காலக் கொஞ்சம் பாருங்களேன்," என்று கேட்டான் முருகேஷ்.

பார்த்தார். மட்டையை ஓங்கும்போது உடம்பின் எடை பின்காலான வலது காலுக்குப் போனது, அது சரி. வீசும்போது முன்காலான இடது காலுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. வலது குதிகால் ஆணி அடித்ததுபோல் தரையிலேயே இருந்தது.

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது முருகேசு. மட்டைய மாத்திப் பாரு."

மாதவராஜ் ஜெயித்தார். அன்று சொல்லாத 'முன்காலுக்கு வா' என்ற அதே வார்த்தையை ஆறு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லித்தான் சாப்பிடுகிறார்.

(அவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். பேனா ஒத்துழைக்கவில்லை. சாமி கும்பிடாமல் வேலைக்குப் போகாதவர்.)

3
முருகேஷ் இப்போது பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டில் லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறான். மன்னிப்புக் கேட்கத்தான் மாதவராஜ் அங்கே போனார். சும்மா நிற்கக் கூசி ஒரு பெட்டியைத் தூக்கினார்.

"மாஸ்டரு தக்காளியில கோல்ஃப் ஆடப்போறாரு, ஒதுங்குங்கடா!" என்றார், அவர் யாரென்று முருகேஷிடம் கேட்டிருந்த லாரிக்காரர்.

முருகேஷ் மட்டும் சிரிக்கவில்லை. ஓடி வந்தான்.

"அண்ணா, பின்கால்லயே நிக்காதீங்க, இடுப்பு புடிச்சிக்கும். முன்கால்ல சாஞ்சு வாங்க… ஆ, அப்பிடித்தான்."

கேட்காமலே சொன்னான். மாதவராஜ் மன்னிப்புக் கேட்காமலே டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

4
அவர் அழுது மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதினேன். "அன்னைக்கே தெரியும்ணா" என்று முருகேஷ் சொல்வதாக இன்னொன்று. இரண்டிலும் ஆறுதல் எனக்குத்தான்.

நடந்தது இதுதான். மாரண்டஹள்ளியில் நான் இறங்க வேண்டும். எதிரே பாலக்கோட்டுக்குத் திரும்பும் பஸ் நின்றது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்டார்.

"உங்க இஷ்டங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஒரு வார்த்தை. நானும் அதைச் சொல்லாமல்…

பஸ் இன்னும் கிளம்பவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் இடத்தில் நீங்கள் உட்காருங்கள். அவர் கேட்கிறார்:

"திரும்பிப் போலாங்களா?"